ஏழாவது வரி: மலை பார்த்தல்

போன வியாழக்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். நான் மும்முரமாக ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்த நேரத்தில் நிவேதா போன் செய்தார். நான் வேலை பார்த்த தொழிற்சாலையில், என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் இன்ஜினீயர் அவர். நாற்காலி மட்டும் புதிது. பழையதை நான்தான் உடைத்தேன்.

"சார், பழைய வேலைத்தாள் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டு இருக்கோம். வளையம் செக்‌ஷன் தாள்ல ஏழாவது வரி மட்டும் ஏற மாட்டேங்குது. 'மலை பார்த்தல்'னு போட்டிருக்கு. கீழ உங்க கையெழுத்து. எழுதும்போது நீங்க நல்லாத்தானே இருந்தீங்க?"

"நல்லாத்தாம்மா இருந்தேன். அதுக்கு முன்னாடிதான் சரியில்ல."

"எடுக்கறது, திருப்பறது, வைக்கறது எல்லாத்துக்கும் சாஃப்ட்வேர்ல இடம் இருக்கு சார். மலை பாக்கறதுக்கு இல்ல. அந்த வரியை எடுத்துடவா?"

"எடுத்துடாதீங்க. சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க. நாலு வரி எழுதி அனுப்பறேன்."

அந்த நாலு வரிதான் இது. ஓய்வு பெற்ற ஆளிடம் நாலு வரி கேட்டால் இப்படித்தான் ஆகும்.

தஞ்சாவூர் ரோட்டில் திருவெறும்பூர்ப் பக்கம் இருக்கும் பல தொழிற்சாலைகளில் எங்களுடையதும் ஒன்று. பெயர் வேண்டாம். தீபாவளிக்கு இன்னும் ஸ்வீட் பாக்ஸ் அனுப்புகிறார்கள், அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. அங்கே நான் ஸ்டாப்வாட்ச்காரன். ஒரு வேலையைச் செய்ய எவ்வளவு நேரம் ஆகும் என்று பக்கத்தில் நின்று அளப்பது என் வேலை. சுருக்கமாகச் சொன்னால், வேலை செய்யாத ஒருவன் வேலை செய்கிறவரைப் பார்த்து "இதுக்கு இவ்வளவு நேரமா?" என்று கேட்கும் உத்தியோகம். பயிற்சி ஆறு மாதம். ஸ்டாப்வாட்சைப் பிடிக்கக் கற்றுக்கொள்ள மூன்று மாதம், அதைக் கீழே போட்டதற்கு விளக்கம் எழுத மூன்று மாதம்.

அளப்பதற்கு முறை உண்டு. வேலையைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, தாளில் ஒரு துண்டுக்கு ஒரு வரி எழுத வேண்டும். ஆள் கண்ணில் படுகிற இடத்தில் நிற்க வேண்டும், தூணுக்குப் பின்னால் ஒளியக் கூடாது. ஒவ்வொரு துண்டுக்கும் ஆன நேரத்தைக் குறித்துக்கொண்டு, ஆள் எந்த வேகத்தில் செய்தார் என்று மார்க் போட வேண்டும். நிதானமான வேகத்துக்கு நூறு. நான் போய் நின்றதும் எல்லோரும் கல்யாணப் பெண் நடக்கிற வேகத்துக்கு வந்துவிடுவார்கள் என்பது வேறு விஷயம். கடைசியில், கூட்டி வந்த நேரத்தோடு இன்னும் கொஞ்சம் நேரம் சேர்க்க வேண்டும். அதற்குப் பெயர் ஃபட்டீக் அலவன்ஸ். மனிதன் மெஷின் இல்லை, போகப் போகத் தளர்வான் என்று கம்பெனி பெரிய மனதோடு ஒத்துக்கொள்கிற இடம் அந்த ஒன்றுதான்.

அதற்கு ஒரு அட்டவணை இருந்தது. நின்று செய்தால் இவ்வளவு, குனிந்தால் இவ்வளவு, கனம் தூக்கினால், வெக்கையில் நின்றால், சத்தத்தில் நின்றால் இவ்வளவு. உட்கார்ந்து செய்யும் வேலைக்கு எல்லாவற்றையும் விடக் குறைவு. இந்த அட்டவணையைத் தமிழில் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டும்படி எனக்கு உத்தரவு வந்தது. ஃபட்டீக் என்பதற்கு 'களைப்பு' என்று எழுதி ஒட்டினேன். மத்தியானச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் போர்டு முன்னால் கூட்டம்.

"களைப்புன்னா ஒரு சோடா குடிச்சா போயிடும் சார். அதுக்கா சலுகை?" என்றார் ஒருவர்.

"எனக்கு வர்றது அசதி. அது படுத்தாத்தான் போகும்" என்றார் ஜீயபுரத்திலிருந்து வரும் சரோஜா.

"எனக்கு அலுப்பு. அது ஞாயித்துக்கிழமைதான் போகும்."

"எனக்கு சலிப்புப்பா. அது சார் டிரான்ஸ்ஃபர் ஆனாத்தான் போகும்."

'சோர்வு' என்று மாற்றினேன். அது சீக்காளிக்கு வருவது, நாங்கள் என்ன சீக்காளிகளா என்று சண்டை. மூன்றாம் நாள் தோற்றுப்போய், 'ஃபட்டீக்' என்றே தமிழ் எழுத்தில் எழுதி ஒட்டினேன். எல்லோருக்கும் பரம திருப்தி. யாருக்கும் பொருள் புரியாத வார்த்தைக்கு யாரும் மறுப்புச் சொல்வதில்லை. ஒரே வாரத்தில் அது பட்டீக்கு ஆகித் திருவெறும்பூர் பஸ்ஸில் ஏறிவிட்டது. "இன்னைக்கு ஒரே பட்டீக்கு", "மாமியார் வந்திருக்காங்க, வீட்டுல பட்டீக்கு", "எம்புள்ளைக்குக் கணக்குன்னாலே பட்டீக்கு". அகராதி எழுதியவர்கள் கேட்டிருந்தால் அவர்களுக்கும் அது வந்திருக்கும்.

எனக்கு மேலதிகாரி சேஷாத்ரி சார். ஸ்ரீரங்கம் உத்தர வீதிக்காரர். நெற்றியில் மெல்லிய சூர்ணக் கோடு, சட்டைப் பையில் ஒரு சிவப்புப் பென்சில், கையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர்ச் சொம்பு. சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. தாளைக் கொடுத்தால் முதலில் கண்ணாடியைத் துடைப்பார், பிறகு தாளைப் படிப்பார், மறுபடி கண்ணாடியைத் துடைப்பார். அந்த இரண்டாவது துடைப்புக்குள் நமக்கு வியர்த்துவிடும். அப்புறம் ஒரே கேள்வி: "நீர் பண்ணிப் பாத்தீரோ?"

அது அவருடைய சட்டம். ஃபட்டீக் கட்டத்தில் எண்ணைப் போடுவதற்கு முன்னால், ஸ்டாப்வாட்ச்காரன் அந்த வேலையை ஒரு மணி நேரம் தானே செய்து பார்க்க வேண்டும். தாளின் அடியில் 'செய்து பார்த்தேன்' என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் டிக் போட்டால்தான் அவர் சிவப்புப் பென்சிலை எடுப்பார். பட்டறையில் சம்மட்டி தூக்கியிருக்கிறேன், பெயின்ட் அடித்திருக்கிறேன், வெல்டிங் பக்கம் போய்ப் புருவத்தைப் பொசுக்கிக்கொண்டிருக்கிறேன். வளையம் செக்‌ஷனில்தான் ஏமாற்றினேன். உட்கார்ந்து செய்கிற வேலை. ஃபேன் வேறு ஓடுகிறது. இதில் என்ன செய்து பார்க்க இருக்கிறது என்று நினைத்து, ஒரு நிமிடம்கூட ஸ்டூலில் உட்காராமல் டிக் போட்டேன்.

வளையம் செக்‌ஷனில் ஆறு பெண்கள். வால்வுக்குள் போகும் எஃகு வளையங்களில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது வேலை. வளையத்தை எடுத்து, லென்ஸ் விளக்குக்கு அடியில் வெளிப்பக்கத்தைச் சுற்றிப் பார்த்து, புரட்டி, உள்பக்கத்தைச் சுற்றிப் பார்த்து, விளிம்பில் நகத்தை ஓட்டி, நல்லதை வலது தட்டிலும் கெட்டதைச் சிவப்புத் தட்டிலும் வைக்க வேண்டும். மொத்தம் ஆறு வரி. ஒரு தட்டுக்கு இருபது வளையம். ஒவ்வொரு தட்டும் முடிந்ததும் அந்தப் பெண் தலையைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார். வேப்பமரங்களுக்கு மேலே திருவெறும்பூர் மலை, அதன் உச்சியில் கோயில். நாலைந்து மூச்சு நேரம் பார்த்துவிட்டு அடுத்த தட்டை எடுப்பார்.

நான் அதை அளந்தேன். தாளில் 'காரணமற்ற வேடிக்கை' என்று எழுதினேன். அந்த நேரத்தைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டு, நாளுக்கு இத்தனை தட்டு என்ற இலக்கை ஏற்றினேன். அதோடு விட்டேனா? ஜன்னல் கண்ணாடிக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தால் வேடிக்கை நிற்கும் என்று ஒரு யோசனையும் சேர்த்தேன். ஒர்க்ஸ் மேனேஜர் கையைக் குலுக்கி, அடுத்த பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருக்கிறது என்றார். அன்று வீட்டுக்கு அரைக் கிலோ அல்வா வாங்கிப் போனேன். மனைவி, "எதுக்கு?" என்றாள். "ஜன்னலை மூடினேன்" என்றேன். கல்யாணமாகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது, இந்த ஆள் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டு மாதத்தில் வளையங்கள் திரும்பி வந்தன. வாங்கியவர்கள் விரிசல் இருக்கிறது என்று சிவப்பு மையில் வட்டம் போட்டு அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொரு தட்டிலும் பார்த்தவரின் எண் இருக்கும். எல்லா எண்ணும் வந்தன. மற்ற ஐந்து பேரும் நிரந்தரம், திட்டோடு போயிற்று. பதினாலாம் எண் மட்டும் தகுதிகாண் காலத்தில் இருந்தது. அது முடிவதற்குள் மூன்று மெமோ வந்தால் வேலை போய்விடும். இரண்டு வந்துவிட்டது.

பதினாலாம் எண் மெஹருன்னிசா. பாலக்கரையிலிருந்து பஸ்ஸில் வருவார். அவருடைய அத்தா தையற்கடை வைத்திருந்தவர், கண் மங்கிக் கடையை மூடியாயிற்று. அந்த வீடு ஓடுவது இந்தச் சம்பளத்தில்தான். இரண்டாவது மெமோ வந்த அன்று கேன்டீன் வாசலில் என்னை நிறுத்தினார். பக்கத்தில் சரோஜாவும் இருந்தார்.

"சார், ஒண்ணு கேக்கலாமா? எங்க வேலையை அளந்தீங்களே, ஒரு வளையமாச்சும் கையில எடுத்துப் பாத்தீங்களா?"

"ஏன் கேக்கறீங்க?"

"அந்த மலை மேல கலசம் இருக்குல்ல? ஒரு தட்டு முடிஞ்சதும் அதைப் பாப்போம். கூர்மையா ஒத்தையாத் தெரிஞ்சா கண்ணு சரியா இருக்குன்னு அர்த்தம், அடுத்த தட்டை எடுப்போம். ரெண்டாத் தெரிஞ்சா எடுக்கவே மாட்டோம், ஒத்தையாத் தெரியற வரைக்கும் இருப்போம். இப்ப எதைப் பாத்துத் தெரிஞ்சுக்கறது? பச்சைப் பெயின்ட்டையா?"

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றேன் அசடு வழிய.

"சார் கேட்டீங்களா?" என்றார் சரோஜா. "வாட்சையேதான் பாத்துட்டு இருந்தீங்க. நாங்க மலையைப் பாத்ததுதான் வேடிக்கையாப் போச்சு."

அவர்கள் போன பிறகு நான் கேன்டீனில் டீயை வாங்கி வைத்துக்கொண்டு ஆறவிட்டேன். அவர்கள் வேடிக்கை பார்க்கவில்லை. தங்கள் கண்ணைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். தொழிற்சாலையிலேயே மிகச் சரியான அளவுகோல் அந்த ஜன்னலுக்கு வெளியே இருந்தது. அதற்குத்தான் நான் பெயின்ட் அடித்திருந்தேன்.

முதலில் தைரியமாக ஒரு காரியம் செய்தேன். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் யாருக்கும் தெரியாமல் ஷேவிங் பிளேடால் பெயின்ட்டைச் சுரண்டப் போனேன். ஒரு ரூபாய்க் காசு அளவு சுரண்டுவதற்குள் செக்யூரிட்டி வந்து, "கம்பெனி சொத்துல கிறுக்கறீங்களா சார்?" என்று பிளேடைப் பிடுங்கிக்கொண்டார். ஆகவே உண்மையைச் சொல்வதைத் தவிர வேறு வழி இல்லாமல் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை எடமலைப்பட்டி புதூரிலிருந்து பஸ் மாறி ஸ்ரீரங்கம் போனேன். சேஷாத்ரி சார் பெருமாள் சேவித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். மாமி புளியோதரை போட்டார். இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன். குற்ற உணர்ச்சியில் எனக்கு அதிகமாகப் பசிக்கும்.

"ஆச்சா? இப்போ சொல்லும்" என்றார் சார். "ஞாயித்துக்கிழமை தேடிண்டு வந்தா ஒண்ணு கடன் கேக்க வரணும், இல்லேன்னா உண்மை சொல்ல வரணும். கடன்னா நீர் புளியோதரையை ஒரு தடவையோட நிறுத்திண்டு எழுந்திருப்பீர்."

சொன்னேன். டிக் போட்டதையும் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு எழுந்து சுவரில் காலண்டர் மாட்டியிருந்த கம்பியை உருவி எடுத்தார்.

"இதுல எவ்வளவு கனம் தொங்கித்து? ஒரு காலண்டர். வருஷமெல்லாம் தாங்கித்து. இப்போ பாரும்." கம்பியை ஒரே இடத்தில் முன்னும் பின்னும் வளைத்தார். பத்துப் பன்னிரண்டு தடவைக்குள் பட்டென்று இரண்டாயிற்று. "இங்கிலீஷ்காரன் இதுக்கும் ஃபட்டீக்னுதான் பேர் வெச்சிருக்கான். கனத்தால ஒடியலை ஓய். ஒண்ணையே திரும்பத் திரும்பப் பண்ணினதால ஒடிஞ்சுது. நீர் உக்காந்திருக்காளேன்னு பாத்தீர். என்ன பண்ணறாள்னு பாக்கலை."

உள்ளேயிருந்து மாமி வந்தார். "காலண்டர் ஏன் தரையில கெடக்கு?"

"ஃபட்டீக்."

"உங்களுக்கா?"

"கம்பிக்கு."

"அப்போ ஏகாதசி என்னிக்குன்னு குனிஞ்சு நீங்களே பாத்துச் சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டு மாமி உள்ளே போனார்.

என்னோடு வாசல் வரை வந்த சார், "நாளைக்கு ஒரு மணி நேரம் இல்லை, முழு ஷிஃப்ட் உக்காரும்" என்றார்.

உட்கார்ந்தேன். மெஹருன்னிசாவுக்கும் சரோஜாவுக்கும் நடுவில் எனக்கு ஒரு ஸ்டூல். முதல் மூன்று தட்டு ஜோராகப் போயிற்று. "இவ்வளவுதானா?" என்றுகூடச் சொன்னேன். சரோஜா சிரிப்பை முந்தானையால் மூடிக்கொண்டார். ஐந்தாவது தட்டில் வளையத்தை எத்தனை சுற்று சுற்றினேன் என்பது மறந்தது. எட்டாவது தட்டில் இல்லாத விரிசல் எல்லாம் தெரிந்தது. பதினோராவது தட்டில் இருந்த விரிசலும் தெரியவில்லை. கழுத்து வலிக்கவில்லை, கை வலிக்கவில்லை, உடம்பில் இன்ன இடம் என்று காட்ட முடியாமல் ஏதோ ஒன்று தேய்ந்துகொண்டே வந்தது. நோட்டீஸ் போர்டில் நான் எழுதி அழித்த வார்த்தைகளில் ஒன்றுகூட அதற்குப் பொருந்தவில்லை. என்னை அறியாமல் தலை தானே ஜன்னல் பக்கம் திரும்பியது. பச்சை. மறுபடி திரும்பியது. மறுபடியும் பச்சை. அந்தப் பச்சைக்கு நடுவே நான் சுரண்டிய ஒரு ரூபாய்க் காசு அளவு ஓட்டையில் ஒரு வேப்பிலை மட்டும் தெரிந்தது.

"என்ன சார், காரணமற்ற வேடிக்கையா?" என்றார் சரோஜா.

சாயங்காலம் சேஷாத்ரி சார் வந்து என் தட்டுகளைக் கொட்டச் சொன்னார். காலையிலேயே என் பங்கில் விரிசல் உள்ள வளையங்கள் பத்தை அடையாளம் வைத்துக் கலந்திருந்தார். நான் கண்டுபிடித்தது மூன்று. சிவப்புத் தட்டில் நான் தூக்கிப் போட்டிருந்த நல்ல வளையங்களை அவர் எண்ணவில்லை. அவருக்கு இரக்க குணம் உண்டு. அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டர் கொடுத்த சில்லறையை ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்து, விளிம்பில் நகத்தை ஓட்டினேன். அவர், "நல்ல காசுதான் சார், நாங்க அடிக்கல" என்றார்.

மறுநாள் ஒர்க்ஸ் மேனேஜர் அறை. அவருடைய மேஜையில் மெஹருன்னிசாவின் மூன்றாவது மெமோ டைப் ஆகி, கையெழுத்துக்குக் காத்திருந்தது. நான் எழுதிக் கொண்டுபோன கடிதத்தைப் படித்தார்.

"செய்யாமலே டிக் போட்டேன்னு நீங்களே எழுதிக் குடுக்கறீங்க. இது என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும் சார்."

"பதவி உயர்வு லிஸ்ட்ல இருக்கீங்க."

"அதுவும் தெரியும் சார்."

சேஷாத்ரி சார் என் தட்டுகளின் கணக்கை மேஜையில் வைத்தார். ஒர்க்ஸ் மேனேஜர் அதைப் பார்த்தார். "ஏழு விரிசலை விட்டிருக்கீங்களே! இந்தப் பொண்ணு ரெண்டு மாசத்துலகூட இவ்வளவு விடலையே?"

"அதைத்தான் சார் சொல்ல வந்தேன்."

மெமோவை எடுத்து நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். முதல் இரண்டும் ஃபைலிலிருந்து எடுக்கப்பட்டன. என் பதவி உயர்வு ஒரு வருடம் தள்ளிப் போயிற்று. வீட்டில் ஃபிரிட்ஜ் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தேன், அந்தக் கோடையும் பானைத் தண்ணீரோடு போயிற்று.

வேலைத்தாளைப் புதிதாக எழுதினேன். சேஷாத்ரி சார் படித்துவிட்டு, "ஃபட்டீக் கட்டத்துல நாலு நிமிஷத்தைக் கூட்டிப் போட்டா நாளைக்கு இன்னொருத்தன் வந்து குறைப்பன். அந்தக் கட்டத்தைப் பாத்தா எல்லாருக்கும் தானம் குடுக்கறாப்பல தோண்றது. இது வேலையோட அங்கம். வரியாவே எழுதும்" என்றார். ஏழாவது வரி எழுதினேன்: மலை பார்த்தல். பக்கத்தில் 'கலசம் ஒன்றாகத் தெரியும்வரை' என்று சேர்த்தேன். அவர் இரண்டாவது தடவை கண்ணாடியைத் துடைக்காமலே சிவப்புப் பென்சிலை எடுத்தார். என் சர்வீஸிலேயே அப்படி நடந்தது அந்த ஒரு தடவைதான்.

ஜன்னலைச் சுரண்டுவது யார் என்ற கேள்வி வந்தது. "அடிக்கச் சொன்னவர் யாரோ, அவர்" என்றார் சேஷாத்ரி சார். செக்யூரிட்டி பிளேடைத் திருப்பிக் கொடுத்தார். சனிக்கிழமை மத்தியானம் ஸ்டூல் மேல் ஏறிச் சுரண்ட ஆரம்பித்தேன். கீழே ஆறு பேரும் வரிசையாக உட்கார்ந்து பார்த்தார்கள். மேஜையில் நான் வைத்திருந்த ஸ்டாப்வாட்சை மெஹருன்னிசா எடுத்துக்கொண்டார். தாள் மாட்டும் பலகையையும் பென்சிலையும் சரோஜா எடுத்துக்கொண்டார்.

"முதல் கண்ணாடி, பதினெட்டு நிமிஷம்" என்றார் மெஹருன்னிசா.

"வேகத்துக்கு என்ன மார்க் போடலாம் மெஹர்?"

"நூத்துக்கு நாப்பது போடுங்கக்கா. சார் நடுவுல தலை சொறியறார், அதைக் கழிச்சுடுங்க."

"நின்னுட்டு செய்யற வேலைதானே, பட்டீக்கு ஏதாச்சும் சேக்கலாமா?"

மெஹருன்னிசா என்னை நிமிர்ந்து பார்த்தார். தலைமுடியில், மீசையில், காதில் எல்லாம் பச்சைத் துகள். "சேத்துக்கங்கக்கா. பாவம், இவர் பண்ணிப் பாத்துட்டார்."

நாலாவது கண்ணாடியில் பெயின்ட் போனதும் மலை வந்தது. ஆறு பேரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கினார்கள். நானும் ஸ்டூல் மேலிருந்தே திரும்பிப் பார்த்தேன். எனக்குக் கலசம் இரண்டாகத் தெரிந்தது. சொன்னால் மானம் போகும் என்று சொல்லாமல், ஒன்றாகத் தெரியும்வரை அப்படியே நின்றேன்.

மெஹருன்னிசா நிரந்தரமாகி, பிறகு அந்தச் செக்‌ஷனுக்கே சூப்பர்வைசர் ஆகி, எனக்கு மூன்று வருடம் கழித்து ஓய்வு பெற்றார். இதையெல்லாம் எழுதி வியாழக்கிழமை சாயங்காலமே நிவேதாவுக்கு அனுப்பினேன். "சார், நாலு வரின்னு சொன்னீங்க" என்று பதில் வந்தது. கூடவே இன்னொன்று: "புது ஹால்ல ஜன்னலே இல்ல சார். முழுக்க ஏசி. இப்ப என்ன செய்யறது?"

எனக்கும் தெரியவில்லை. ஒரு ஷிஃப்ட் உட்கார்ந்து பாருங்கள் என்று மட்டும் எழுதினேன்.

சனிக்கிழமை நாலு மணிக்குச் செய்தி வந்தது. "உட்கார்ந்தேன் சார். ஒன்பதாவது தட்டோட முடிஞ்சேன். ஏழாவது வரி அப்படியே இருக்கும். பின்பக்கக் கதவைத் திறந்து வெச்சா மலை நல்லாத் தெரியுது, கலசமும் தெரியுது. ஆனா குளிரெல்லாம் வெளிய போகுதுன்னு ஏசி மெக்கானிக் சண்டைக்கு வர்றார்."

அவருக்கும் ஒரு ஸ்டூல் போடுங்கள் என்று பதில் அனுப்பினேன்.